எழுத்துப் போடும் நேரம்

நூலுக்குப் பாயிரம், கோயிலுக்குக் கோபுரம், தெருக்கூத்துக்குக் கட்டியங்காரன் வரவு. எவ்வகைக் கலைப்படைப்பாயினும், அதனுள்ளே புகுமுன் நம்மை வாயிலில் நிறுத்தி, ‘இஃது இன்னது, இதனை ஆக்கினோர் இன்னார்’ என்று அறிவிக்கும் ஓர் உறுப்பு அதற்கு உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில், சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய செய்திகளை எட்டாக வகுத்து, அவற்றுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார். அம்மட்டில் நில்லாது, அப்பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதுதல் கூடாதென்றும் விலக்கினார். ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரை வகுப்பவரோ எழுதுதலே மரபாயிற்று. என்னை? தன் பெருமையைத் தானே பேசுதல் அழகன்று ஆதலின். இவ்விலக்கணத்தை இரண்டாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் யான் நெட்டுருச் செய்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ மூன்றாம் ஆண்டில். அதுவும் கணினியின் முன்னே அமர்ந்து படச்சுருள் தொகுத்த ஓரிரவில். அவ்வரலாற்றை நம் கலாசாலை அன்பர்க்குக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திரைப்படத்திற்குப் பாயிரமாவது, அதன் தொடக்கத்தில் வரும் பெயர்க்காட்சி. தொழில் புரிவோர் அதனை ‘டைட்டில்’ என்பர். நம் ஊர் மக்கள் ‘எழுத்துப் போடுதல்’ என்பர். கொட்டகை வாயிலில் மூச்சிரைக்க வந்து நிற்போர், “எழுத்துப் போட்டாச்சா?” என்று வினவுவர். “இப்பத்தான் எழுத்து ஓடுது” என்னும் விடை கிடைப்பின், மனம் அமைதியுற்று முறுக்கு வாங்கச் செல்வர். எழுத்து ஓடும்வரை படம் தொடங்கவில்லை என்பது அவர்தம் துணிபு.

இத்துணிபு நம்மவர்க்கே உரியதன்று. அமெரிக்க நாட்டிலும் பெயர்கள் ஓடி முடியுமட்டும் திரைச்சீலையை விலக்காத கொட்டகைகள் இருந்தன. 1955-ஆம் ஆண்டில் ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ என்னும் படம் வெளிவந்தபொழுது, பெயர் தொடங்குமுன்னரே திரையை விலக்க வேண்டும் என்று படம் ஓட்டுவோருக்குக் குறிப்பு ஒன்று பெட்டியுடன் அனுப்பப்பட்டது. அதன் பெயர்க்காட்சியை அமைத்தவர் சால் பாஸ் என்னும் வரைகலைஞர். கருந்திரையில் வெண்பட்டைகள் சில தோன்றி, இடம் மாறி, இறுதியில் முறுகி வளைந்த ஒரு கையாக வந்து நிற்கும். போதைக்கு அடிமைப்பட்ட ஒருவன் கதைக்கு அக்கையே பாயிரமாயிற்று. அவரே 1958-இல் ‘வெர்ட்டிகோ’வுக்கும், 1960-இல் ‘சைக்கோ’வுக்கும் பெயர்க்காட்சி அமைத்தார். முறுக்கு வாங்கும் நேரமாகக் கழிந்த சில விநாடிகள் ஒரு தனிக்கலையாக மதிக்கப்பட்டமைக்கு அவர் பெருங்காரணர்.

நிற்க. காட்சித் தொடர்பியல் பயிலும் எங்களுக்கு மூன்றாம் ஆண்டில் இட்ட குழுப்பணி இது: ஐவர் ஒரு குழுவாகச் சேர்ந்து, தாமே கருதிக்கொண்ட ஓர் ஆவணப் படத்திற்குப் பெயர்க்காட்சியை மட்டும் தொகுத்துத் தரவேண்டும். அளவு 90 விநாடி. காட்சிகளைக் குழுவினரே பிடித்தல் வேண்டும். பிறர் இசையை உரிமையின்றி எடுத்தாளுதல் கூடாது. விநாடிக்கு 24 பிரேம் என்னும் கணக்கில் 90 விநாடிக்கு 2,160 பிரேம்கள். எண்ணிப் பார்ப்பின் அத்தொகை பெரிதாகத் தோன்றும். தொகுக்கப் புகுந்தாலோ உள்ளங்கையில் அள்ளிய நீர்போல் ஒழுகிவிடும்.

எங்கள் குழுவில் வேலூர் நண்பர் ஒருவர் காமிராவையும், நாகர்கோவில் நண்பர் ஒருவர் ஒலிப்பதிவையும் ஏற்றனர். தஞ்சைத் தோழி எழுத்து வரையவும், சென்னைத் தோழி பயண ஏற்பாடும் செலவுக் கணக்கும் கவனிக்கவும் ஒருப்பட்டனர். படத்தொகுப்பு என் பங்காயிற்று. எதனைப் பற்றிய படம் என்று ஆராய்ந்தபொழுது நால்வரும் ஒருமுகமாக என்னை நோக்கினர். “காஞ்சிபுரம் உங்கள் ஊர் அன்றோ? உங்களுக்குப் பட்டுக்கடையே உண்டே! இதனினும் எளிய பொருள் யாது?” என்றனர். படத்திற்குக் ‘கோர்வை’ என்று பெயரும் அன்றே இட்டாயிற்று.

ஈண்டு என் குற்றம் ஒன்றனை மறையாது உரைத்தல் வேண்டும். எங்களுக்குப் பட்டுக்கடை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் கூடத்தில் குழித்தறி ஒன்று. என் தந்தையார் அத்தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்பவர். என் தாயார் இராட்டையில் தார் சுற்றியும், கோர்வைக்கு எதிர்நாடா தள்ளியும் அவருக்குத் துணை நிற்பவர். முதலாண்டு முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தம் குடும்பத்தைப் பற்றிக் கூறுகையில், எனக்கு முன் எழுந்தவர் தம் தந்தை பொறியாளர் என்றார். யான் எழுந்து, “பட்டு வியாபாரம்” என்றேன். முற்றும் பொய்யன்று, மெய்யும் அன்று. அச்சொல் கடையாக வளர்ந்து, பின்னர் மாடிக் கட்டடமாகவும் நண்பர் நெஞ்சில் உயர்ந்துவிட்டது. அதனை இடித்துத் தள்ள எனக்கு இரண்டாண்டுகளாகத் துணிவு பிறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியலில் புறப்பட்டுச் செங்கற்பட்டில் அரக்கோணம் வண்டி ஏறிக் காஞ்சி சேர்ந்தோம். முதலிற் கயிலாசநாதர் கோயிலுக்கு அவர்களை இட்டுச் சென்றேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்றளி அது. திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களின்மேல் அவ்வரசனுடைய பட்டப்பெயர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை, வெவ்வேறு எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஹூல்ஷ் என்னும் அறிஞர் அவற்றைப் படித்து, 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பகுதியில் பதிப்பித்தார். எழுத்துக் கலையில் ஈடுபாடுடைய தஞ்சைத் தோழி அவ்வெழுத்துகளின் சுழிகளையும் கொடிபோன்ற நீட்சிகளையும் நெடுநேரம் நோக்கி நின்றார். பின்னர், “ஓர் அரசனுக்கு இத்துணை டைட்டில்! உளி பிடித்தவர் பெயர் எங்கே இருக்கிறது?” என்று வினவினார். யாங்கள் சுற்றிவந்து தேடினோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வினா நகைப்பாக முடிந்தது. எனினும் என்னுடன் அது வண்டியேறி வந்துவிட்டது.

அங்கிருந்து வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். அதன் திருச்சுற்று மண்டபத்துச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு காட்சியை அடுத்து ஒரு காட்சியாக, அரசர் முடிசூடுதலும், தூதர் வருதலும், போர் மூளுதலும் வரிசைப்பட நிற்கின்றன. இரண்டாம் நந்திவர்மன் அரசுரிமை பெற்ற வரலாற்றைக் காட்டும் சிற்பங்களுக்கு விளக்கக் குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்ந்து சி. மீனாட்சி அம்மையார் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-இல், அவர் மறைந்த பின்னர், வெளியிட்டது. காட்சியை அடுத்துக் காட்சியை வைத்துக் கதை சொல்லும் வித்தை சினிமாவுடன் பிறந்ததென்று எண்ணியிருந்த எங்களுக்கு, அச்சுவரே ஒரு பாடமாயிற்று. சில காட்சிகளுக்கே குறிப்பு உண்டு, பலவற்றிற்கு இல்லை. குறிப்பு உள்ளவற்றின்முன் நின்ற நேரத்தில் பாதியும் மற்றவற்றின்முன் யாங்கள் நிற்கவில்லை. பெயர் அறிந்த முகத்தையே கண் நாடுகின்றது.

பிற்பகலில் தறி பார்க்க வேண்டும் என்றனர். யான் அவர்களை எங்கள் தெருவழியே இட்டுச் செல்லவில்லை. பின்சந்து ஒன்றன் வழியாகச் சுற்றி, என் தந்தையாரின் நண்பரான முதிய நெசவாளர் ஒருவர் வீட்டை அடைந்தேன். என்னைத் தோளில் சுமந்து தேர் காட்டியவர் அவர். முதல் நாளிரவே தொலைபேசியில் அவரிடம், “என் வீடு இன்னதென்று சொல்லவேண்டா மாமா” என்று இரந்திருந்தேன். அவர் யாதொன்றும் வினவவில்லை. யாங்கள் உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் பார்த்து, “வாங்க தம்பி, வாங்கம்மா” என்று வரவேற்றார். பின் என் பக்கம் திரும்பி, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். யான் தலை கவிழ்ந்து, “இந்தப் பக்கந்தாங்க” என்றேன். அவர் அதன்மேல் ஒரு சொல்லும் கூறாது தறிக்குழியில் இறங்கி அமர்ந்தார். அவ்வினாவைப்போல் என்னைச் சுட்டது பிறிதொன்றில்லை.

அன்று அவர் எங்களுக்குக் கோர்வையை விளக்கினார். காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கும். உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள், ஆக மூன்று. தறியில் அமர்ந்தவர் இரண்டை ஓட்ட, எதிர்க்கரை நாடாவை உடனிருப்பவர் தள்ளித் தருவார். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றனை ஒன்று கொக்கிபோற் பற்றிக்கொள்ளும். இப்பற்றுதலே கோர்வை. துணி கிழியினும் இணைப்பு விடாது என்பது நெசவாளர் பெருமிதம். எதிர்நாடா தள்ளுவதற்குச் சிறுவரை அமர்த்திய கொடுமையும் முன்னாளில் இவ்வூரில் இருந்தது. சட்டமும் பள்ளியும் அதனைப் பெரிதும் குறைத்த பின்னர், பல வீடுகளில் அவ்விடத்தில் மனைவியரே அமர்கின்றனர்.

வேலூர் நண்பர் நான்கு மணிநேரத்திற்கு மேற்பட்ட காட்சிகளைப் பிடித்தார். நாகர்கோவில் நண்பர் தறியின் ஓசையைக் குழிக்குள்ளும், அச்சின் அருகிலும், வாயிற்றிண்ணையிலும் ஒலிவாங்கி வைத்துப் பதிந்தார். “இசைக்கு வேறு எங்கும் போகவேண்டா, தறியே தாளம் போடுகிறது” என்றார். அச்சொல் எங்கள் பணிக்கு அடிப்படையாயிற்று. அச்சு அறையும் ஒவ்வோர் அடியிலும் காட்சி மாறவேண்டும் என்று முடிவு செய்தோம்.

கலாசாலைக்கு மீண்டு தொகுக்க அமர்ந்தபொழுது குறை ஒன்று தெரிந்தது. நாடா ஓடுகிறது, அச்சு அறைகிறது, சரிகை மின்னுகிறது, ஆயின் நூல் நாடாவுக்குள் வந்த வழி காட்சியில் இல்லை. “தார் சுற்றுகிற காட்சி ஒன்று கிடைப்பின் நன்று” என்றார் வேலூர் நண்பர். “யான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், எங்கேனும் பிடித்து வருகிறேன்” என்றேன்.

அஃது எங்கும் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணைதான். காலை வெயில் சாய்வாக விழுந்த வேளையில், என் தாயார் ஒரு கையால் இராட்டையைச் சுழற்றி, மறு கையின் இருவிரல் இடுக்கில் அரக்குச் சிவப்பு இழையை ஓடவிட்டுத் தார் சுற்றினார். யான் கைகளை மட்டும் பிடித்தேன். “மூஞ்சியெல்லாம் வேணாம்ப்பா, தலைகூட வாரல” என்று அவரே கூறினமையால் என் வேலை எளிதாயிற்று. அவர் நாணத்தால் முகத்தை மறைத்தார். யான் வேறொன்றனை மறைக்க வேண்டி அதற்கு உடன்பட்டேன். பட்டிழை பலகாலும் அறுத்துக் காய்த்த அந்தச் சுட்டுவிரல் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதனை அன்று யான் நினைக்கவில்லை.

அக்காட்சியை நண்பர்கள் கண்டதும் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. “நாம் பிடித்தவற்றுள் இதுவே தலைசிறந்தது. யார் இவர்?” என்றார் சென்னைத் தோழி. “பக்கத்து வீட்டு அம்மா” என்றேன். என் வாழ்வில் யான் கூறிய பொய்களுள் மிகச் சிறியதும் மிகக் கொடியதும் அதுவே.

பின்னர் எழுத்து வேலை தொடங்கிற்று. யாங்கள் முதலிற் கையாண்ட மென்பொருளில் தமிழ் எழுத்துகள் நிலைகுலைந்தன. கொம்பு ஓரிடத்தும் எழுத்து வேறிடத்துமாகச் சிதறி நின்றன. தஞ்சைத் தோழி அதற்கு ஓர் உபாயம் கண்டார். காஞ்சியில் சேலைக்கு உருவரை எழுதுவோர் கட்டமிட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைவர். அவ்வரைவைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுவர். அம்முறையிலேயே இவரும் கட்டத்தாளில் ஒவ்வொரு பெயரையும் வரைந்தார். திரையிற் பார்க்கும்பொழுது எழுத்துகள் சரிகையால் நெய்யப்பட்டவை போலவே தோன்றின. எழுத்தும் ஊடை ஊடையாக, அச்சு அறையுந்தோறும் ஒரு வரி வளர்ந்து முழுப்பெயராகும்படி அமைத்தேன். அதற்கு மட்டும் ஒன்பது இரவுகள் சென்றன.

பெயர் வளர்ந்தது, பூசலும் வளர்ந்தது. எவர் பெயர் முதலில் வரவேண்டும்? ‘இயக்கம்’ என்பது எவருக்கு? காமிரா பிடித்தவரா, கருத்துக் கூறியவரா? என் பெயர் எத்துணை விநாடி நிற்கும்? இவ்வினாக்களால் ஒரு வாரம் கழிந்தது. நண்பர் இருவர் உணவறையில் எதிரெதிர் மேசைகளில் அமரும் நிலையும் வந்தது. நகையாடுதல் வேண்டா; பெயருக்காக ஏங்குதல் மனித இயல்பு. சினிமா பிறந்த காலத்தில் அமெரிக்க நாட்டுப் பயோகிராப் கம்பெனியார் நடிகர் பெயரை வெளியிடுவதில்லை. புளோரன்ஸ் லாரன்ஸ் என்னும் நடிகையைப் ‘பயோகிராப் பெண்’ என்று மட்டுமே மக்கள் அறிந்திருந்தனர். 1910-ஆம் ஆண்டில் வேறொரு கம்பெனி அவரைப் பெயர் கூறி விளம்பரம் செய்த பின்னரே அப்பெயர் ஊரறிந்ததாயிற்று. எங்கள் வீட்டிலும் பெயருக்கு ஒரு கதை உண்டு. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த சி. என். அண்ணாதுரை அவர்கள் எழுதிய ‘நல்லதம்பி’, ‘வேலைக்காரி’ என்னும் படங்கள் 1949-இல் வெளிவந்தன. அப்பொழுது சிறுவராயிருந்த என் பாட்டனாரை, அவர் தந்தையார் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, “நம்ம ஊர்க்காரர் பேர் வரும், எழுத்து ஓடறதுக்குள்ள வாடா” என்று ஓடினாராம். முறுக்கு வாங்கும் நேரத்தை அவர் ஒருவர் இழக்க மனமில்லாதிருந்தார்.

இறுதியில் ஐவர் பெயரையும் முன்னே நிறுத்தி, ஆசிரியருக்கும் கலாசாலைக்கும் நன்றி கூறி, எங்கள் பேராசிரியரிடம் முதற்படியைக் காட்டினோம். அவர் இருமுறை பார்த்தார். வெட்டுகள் தாளத்தில் விழுகின்றன என்று பாராட்டினார். பின்னர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டு எங்கள் முன் வைத்தார்: “உங்கள் ஐவர் பெயருக்கும் 31 விநாடிகள். இதில் உங்கள் கை ஒன்றுகூட இல்லை. வேறு இருவர் கைகள் 90 விநாடியும் உழைக்கின்றன. அவர்களுக்கு எத்தனை விநாடி?” அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை.

அறைக்குத் திரும்பியதும் தஞ்சைத் தோழி கட்டத்தாளை விரித்தார். “கயிலாசநாதர் கோயிலில் உளி பிடித்தவரைத் தேடினோமே, நாமும் அதனையே செய்துவிட்டோம்” என்றார். முதிய நெசவாளர் பெயரை எழுதினார். பின்னர்ப் பேனாவை உயர்த்தி, “அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பெயர் என்ன?” என்று என்னைக் கேட்டார்.

யான் வாய் திறக்கவில்லை. திரையில் அக்கைகள் நிறுத்தப்பட்ட பிரேமில் நின்றன. பெயரை மாற்றிக் கூறலாம், எவர்க்கும் தெரியாது. ‘பெயர் தெரியாது’ எனலாம், அதுவும் நடக்கும். இரண்டாண்டுகள் காத்த மாடிக் கட்டடம் ஒரு சொல்லில் நின்றது. ஆனால் என் கையாலேயே தொகுத்த காட்சியில், என் தாயின் விரல்களுக்கு அருகே, இல்லாத ஒருத்தியின் பெயரைச் சரிகை எழுத்தில் நெய்து வைக்க என்னால் இயலவில்லை. மெய்யான பெயரைக் கூறினேன். பின்னர், “அவர் என் அம்மா” என்றேன். கடை இல்லை என்பதனையும், தறி உண்டு என்பதனையும், பின்சந்து வழியே அழைத்துச் சென்ற காரணத்தையும் ஒருசேரக் கூறி முடித்தேன்.

எவரும் என்னை இகழவில்லை, தேற்றவும் இல்லை. நாகர்கோவில் நண்பர் மட்டும், “என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். யானும் ‘எஸ்டேட்’ என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன்” என்றார். அதன்பின் நெடுநேரம் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமை ஐவரும் எங்கள் தெருவழியே நேராக எங்கள் வீட்டிற்குச் சென்றோம்.

தந்தையார் தறியை விட்டெழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்ந்தார். இருமுறை பார்த்தபின் கூறினார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா உடம்பு முடிஞ்சு முந்தி வர்ற இடத்துல கத்தரிச்ச மாதிரி மாத்திட்டீங்களே. பெட்னி அப்படி மாறாது. பழைய இழையும் புது இழையும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடும். அப்புறந்தான் பழசை விடுவோம்.” பெட்னி என்பது உடலின் பாவினை விடுத்து முந்தியின் பாவினை ஏற்கும் இணைப்பு. ஒவ்வோர் இழையாகப் புதியதைப் பழையதனோடு கோத்து, சிறிது தூரம் இரண்டனையும் உடன் நெய்து, பின்னரே பழைய இழைகளை வெட்டி நீக்குவர். ஒரு காட்சி மறையுமுன் மற்றொரு காட்சி அதன்மேல் எழுந்து இரண்டும் கலந்து நிற்கும் முறையைச் சினிமாவில் ‘டிஸால்வ்’ என்று கற்றிருந்தோம். அதன் இலக்கணத்தைக் குழித்தறியில் வாழ்நாளைக் கழித்தவர் எங்களுக்குக் கூறினார்.

தாயார் சமையற்கட்டின் வாயிலில் நின்றபடியே பார்த்திருந்தவர், “தார் சுத்தறதுக்கு முன்னாடியே நாடா ஓடுதே. அந்த நாடாவுல என்னதான் இருக்கு?” என்று கேட்டார். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். அக்காட்சி பிற்பாடு கிடைத்தமையால் அதனை நடுவே செருகியிருந்தேன். வெறும் நாடா 40 விநாடிகளாக ஓடிக்கொண்டிருந்ததை எங்கள் வகுப்பில் ஒருவரும் கண்டிலர்.

மீண்டு வந்து யாவற்றையும் கலைத்துத் தொகுத்தோம். முதற்காட்சி தார் சுற்றும் கைகள். அவற்றின் அருகே என் தாயார் பெயர். அடுத்து முதியவர் தறியில் அமர்தல், அவர் பெயர். மூன்று நாடாக்களும் ஓடி, உடல் வளர்ந்து, பெட்னியில் நிறம் மெல்லக் கலந்து முந்தியாகும் இடத்தில் ‘கோர்வை’ என்னும் படப்பெயர். எங்கள் ஐவர் பெயரும் இறுதியில், ஒரே வரியில், அகர வரிசையில், 5 விநாடி. வரிசைப் பூசலுக்கு அகரமே நடுவராயிற்று. பெட்னி கூறிய என் தந்தையார்க்கு ‘படத்தொகுப்பு ஆலோசனை’ என்று ஒரு தனிவரி இட்டோம். கலாசாலை அரங்கில் அது திரையிடப்பட்ட நாளில் தாய் தந்தையர் வரவில்லை. கலியாணச் சேலை ஒன்று தறியில் இருந்தது; அதற்குக் கெடுவும் இருந்தது.

ஆதலின் கைப்பேசியில் ஏற்றிச் சென்று காட்டினேன். தாயார் எழுத்துக் கூட்டித் தம் பெயரைப் படித்தார். “தார் சுத்துனதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?” என்றார். “போடுவாங்கம்மா” என்றேன். சற்று நேரம் பொறுத்து, “இன்னொரு தரம் போடுப்பா” என்றார். அன்று மாலை விளக்கு வைக்கும் வரை ஏழு தரம் போட்டேன்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005–06-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதனால் ஊரின் பெயருக்குக் காப்பு ஏற்பட்டது. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’, 2007-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த படமெனத் தேசிய விருது பெற்றது. அதில் நெசவாளராக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊர் பெயர் பெற்றது. கதையும் பெயர் பெற்றது. கடைப் பெட்டியில் மடித்து வைத்த சேலையிலோ கடையின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயரை யான் இன்றுவரை கண்டதில்லை. அக்குறையை மாணாக்கர் ஐவரின் 90 விநாடிகள் தீர்த்துவிட்டன என்று கூற யான் அறிவிலி அல்லேன். ஆயினும் பாயிரத்தைப் பிறர் எழுதுதல் வேண்டும் என்று பவணந்தியார் விதித்ததன் நயத்தை இப்பொழுது உணர்கிறேன். தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளாதவர் சிலர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ளனர். கல்வி நம் கையில் எழுத்தைத் தந்தது. அதனை முதலில் அவர்க்குச் செலுத்துதல் கடன்.

‘கோர்வை’ என்னும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. எடுத்து முடித்தல் வேண்டும் என்று ஐவரும் உறுதி கொண்டுள்ளோம். இப்போதைக்கு எழுத்து மட்டும் போட்டாயிற்று.